ஆண்டுக்கு ஆயிரத்து இருநூறு ஸ்டார்ட்: ஒரு பாளையங்கோட்டைக் குடும்பமும் டீசல், பெட்ரோல் கேள்வியும்

2024 சித்திரை மாதத் தொடக்கத்தில், பாளையங்கோட்டையில் நான் நடத்தும் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு கணவனும் மனைவியும் இரண்டு கொட்டேஷன் தாள்களோடு வந்தார்கள். கணவர் வண்ணார்பேட்டையில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அவர்களுடைய பழைய சின்ன பெட்ரோல் காரைப் பல ஆண்டுகளாக நான்தான் பழுது பார்த்து வந்தேன். இரண்டு பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். ஆச்சிக்கு முழங்கால் வலி வந்தபின் தாழ்வான காரில் குனிந்து ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாடாகிவிட்டது. எனவே ஐந்து பேர் தாராளமாக உட்காரக்கூடிய நடுத்தர எஸ்யூவி ஒன்றை வாங்குவது என்று வீட்டில் தீர்மானித்திருந்தார்கள். வண்டி எது என்பதிலோ நிறம் எது என்பதிலோ அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஒரே வண்டி, ஒரே வேரியன்ட், இரண்டும் 1.5 லிட்டர் எஞ்சின். ஒரு தாளில் பெட்ரோல், மற்றதில் டீசல். "அண்ணாச்சி, ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்று டீச்சர் தாள்களை மேசையில் வைத்தார்.

அவர்களுக்கு ஏற்கெனவே இரண்டு யோசனைகள் கிடைத்திருந்தன. டீச்சரின் அண்ணன் வள்ளியூரில் வாழைத்தார் வியாபாரம் செய்கிறார். களக்காடு, ஏர்வாடித் தோட்டங்களுக்கும் நாகர்கோவில், தூத்துக்குடிச் சந்தைகளுக்குமாக நாள்தோறும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட்டுகிறவர். இப்போது வைத்திருப்பது மூன்றாவது டீசல் வண்டி. "டீசல்னா இழுவை, டீசல்னா மைலேஜ், கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்பது அவர் கருத்து. வங்கியில் உடன் வேலை பார்க்கும் ஒருவரோ, பத்து ஆண்டுகளில் டீசல் வண்டிகளை எல்லாம் ஒழித்துவிடுவார்கள் என்று பயமுறுத்தியிருந்தார்.

இரண்டாவது யோசனைக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். பத்து ஆண்டு டீசல், பதினைந்து ஆண்டு பெட்ரோல் என்ற கட்டுப்பாடு டெல்லியும் அதைச் சுற்றிய தேசியத் தலைநகர் வட்டாரமும் சம்பந்தப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் பிறப்பித்த ஆணையையும் உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதி செய்ததையும் ஒட்டி வந்தது. தமிழ்நாட்டில் எந்த எரிபொருளானாலும் சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும், அதன்பின் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம். டெல்லிச் செய்தியை வைத்துக்கொண்டு திருநெல்வேலியில் யாரும் டீசலை ஒதுக்க வேண்டியதில்லை.

அண்ணன் சொன்னது வேறு வகை. அவர் பொய் சொல்லவில்லை. தம் ஓட்டத்தை வைத்துச் சொன்னார். இந்தக் குடும்பத்தின் ஓட்டம் எப்படிப்பட்டது என்பது அவருக்கும் தெரியாது, அன்று வரை எனக்கும் தெரியாது.

மூன்று வாரக் கணக்கு

"வருஷத்துக்கு எவ்வளவு ஓடும்?" என்று கேட்டதற்கு, "பன்னிரண்டாயிரம், பதிமூன்றாயிரம் இருக்கும்" என்றார் கணவர். இந்தப் பதிலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பன்னிரண்டாயிரம் கிலோமீட்டரை ஒருவர் நால்வழிச் சாலையில் நூறு பயணங்களில் ஓட்டித் தீர்க்கலாம். இன்னொருவர் நான்கு நான்கு கிலோமீட்டராக மூவாயிரம் தடவை சாவி திருகியும் தீர்க்கலாம். எஞ்சினுக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. ஆகவே பழைய காரின் டாஷ்போர்டில் ஒரு நோட்டை வைத்து, சாவி திருகும் ஒவ்வொரு தடவையும் நேரம், ஓடிய தூரம், எத்தனை பேர், ஏசி ஓடியதா, நின்ற இடத்தில் எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியது ஆகியவற்றை எழுதி வரும்படி கேட்டுக்கொண்டேன். பள்ளி விடுமுறை முடியும் வரை வண்டி வாங்குவதையும் ஒத்திப்போடச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் முன்பணம் கட்டும் தேதி நெருங்கியிருந்ததால், தேர்வு முடியும் நாள்களின் ஓட்டத்தையும் விடுமுறை ஓட்டத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட முடிந்தது. ஆய்வின் குறை இது, மறைக்க விரும்பவில்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும் மூத்த பையன் அந்த வேலையை ஏற்றுக்கொண்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியிருந்தான். மூன்று வாரம் கழித்து நோட்டைப் புரட்டியபோது, "3.8 கி.மீ., நாலு பேர், ஏசி உண்டு, பள்ளி வாசலில் 9 நிமிடம் எஞ்சின் ஓடியது" என்பது போன்ற வரிகளே பக்கம் பக்கமாக இருந்தன.

அதிலிருந்து ஓராண்டுக்குப் பெருக்கிப் பார்த்தோம். பள்ளிக்கும் வங்கிக்குமான போக்குவரத்து, ஒரு நாளைக்கு நான்கு ஸ்டார்ட், பதினாறு கிலோமீட்டர், 230 நாள்களுக்குச் சுமார் 3,700 கிலோமீட்டர். கடை, மருத்துவமனை, மாலையில் கோயில் என்று ஊருக்குள் 1,500. மாதம் இருமுறை திசையன்விளையில் உள்ள டீச்சரின் தாய்வீட்டுக்குப் போய்வர 2,900. சென்னைக்கு ஒருமுறை 1,300. திருச்செந்தூர், குற்றாலம், காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில், கல்யாண வீடுகள் எல்லாம் சேர்த்து 1,800. மொத்தம் ஏறத்தாழ 11,200 கிலோமீட்டர்.

கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் வெளியூர் ஓட்டம்தான். டீசலுக்குச் சாதகமாகவே தோன்றும். ஸ்டார்ட்டை எண்ணியபோது படம் தலைகீழானது. ஊருக்குள் ஆண்டுக்குச் சுமார் 1,200 ஸ்டார்ட், வெளியூருக்கு 150 கூட இல்லை. பத்துத் தடவை சாவி திருகினால் ஒன்பது தடவை அந்த எஞ்சின் சரியாகச் சூடேறும் முன்பே அணைக்கப்படுகிறது. இந்த நிகழ்வில் முடிவைத் தீர்மானித்த எண் இதுதான். விலையும் மைலேஜும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

சூடேறாத டீசல்

2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாய் வழியில் டிபிஎஃப் என்ற கரி வடிகட்டி இடம்பெற்றது. தேன்கூடு போன்ற அறைகள் கொண்ட பீங்கான் உருளை அது; ஒவ்வொரு குழலும் ஒரு முனையில் அடைக்கப்பட்டிருப்பதால் புகை பக்கச் சுவர் வழியாகக் கசிந்தே வெளியேற வேண்டும், கரித்துகள் உள்ளேயே தங்கிவிடும். தங்கிய கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும் வண்டியில் புகையே சூடாக இருப்பதால் கரி பெரிய அளவில் சேர்வதில்லை. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியில், வண்டியின் கணினி கூடுதல் டீசலைப் பீய்ச்சி அந்தச் சூட்டை வலிந்து உண்டாக்குகிறது. அதற்கும் பத்து, இருபது நிமிடத் தொடர் ஓட்டம் தேவை. நடுவில் சாவியை அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கிறது. இப்படித் திரும்பத் திரும்ப நின்றால், எரியாத டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கிறது. ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பு இருக்காது, டீசல் வாடை அடிக்கும்.

இது எனக்குப் பாடப்புத்தக அறிவு அல்ல. என் தம்பி வீட்டில் 2021-ல் வாங்கிய டீசல் வண்டி மகாராஜநகருக்கும் முருகன்குறிச்சிக்கும் இடையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பதினான்காம் மாதம் டிபிஎஃப் விளக்கு எரிந்தது. விற்ற இடத்தில் வாங்கும்போது யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டபோது, "லாங் டிரைவ் போங்க சார், சரியாயிடும்" என்று மட்டும் சொன்னார்கள். அந்த வண்டியை நானே எடுத்துக்கொண்டு கேடிசி நகரில் நால்வழிச் சாலையில் ஏறி, நான்காவது கியரிலேயே வைத்து, எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 2,500-க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டு தெற்கே ஓட்டினேன். மூன்றடைப்பு தாண்டியும் விளக்கு அணையவில்லை. நாங்குநேரி டோல்கேட்டை நெருங்கும்போதுதான் அணைந்தது. ஓரத்தில் நிறுத்தி இறங்கியபோது முன்பக்க விசிறி இரைந்து சுழன்றுகொண்டிருந்தது. அடுப்பில் வெறுஞ்சட்டி காய்ந்தது போன்ற வாடை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இந்த ஓட்டத்தைத் தம்பி இன்றும் செய்துவருகிறான். வேலையே இல்லாமல் நாங்குநேரிக்குப் போய்த் திரும்பும் டீசலை அவன் மைலேஜ் கணக்கில் சேர்ப்பதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. விளக்கு எரிந்த வண்டிகளைக் கொண்டுவந்து, "அந்த ஃபில்டரக் கழத்திப் போட்டுட்டு லைட்ட மட்டும் அணைச்சுக் குடுங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சட்டப்படி தவறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்தியிருக்கிறது. அந்த வண்டி ஒன்பது நிமிடம் எஞ்சின் ஓட நிற்கப்போவது பள்ளிக்கூட வாசலில். அந்த வேலையை நான் தொடுவதில்லை.

பணக் கணக்கு

எக்ஸ்ஷோரூம் விலையில் டீசலுக்கு 1,50,000 ரூபாய் கூடுதல். வித்தியாசம் அதோடு நிற்பதில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் மாற்றியமைக்கப்பட்ட வாழ்நாள் வரி, பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம். ஆகவே அந்த ஒன்றரை லட்சத்துக்கு மட்டும் வரி 27,000 ரூபாய். காப்பீட்டில் சுமார் 4,000. ஆன்ரோடு விலையில் மொத்த வித்தியாசம் 1,81,000 ரூபாய்.

எரிபொருள் கணக்கில் கம்பெனி சொல்லும் மைலேஜை எடுத்துக்கொள்ளவில்லை. என் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் இதே ரக வண்டிகள் நம் சாலையில் தரும் அளவை எடுத்துக்கொண்டேன். பெட்ரோலுக்கு லிட்டருக்கு ஊருக்குள் 11 கிலோமீட்டர், வெளியே 17. டீசலுக்கு 14, 20. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்தோம். ஆண்டுக்குப் பெட்ரோலுக்கு 84,000 ரூபாய் சொச்சம், டீசலுக்கு 62,000 ரூபாய் சொச்சம். மிச்சம் ஏறத்தாழ 22,000. அதிலும் டீசல் வகைக்குப் புகையைச் சுத்தமாக்க ஊற்ற வேண்டிய யூரியாக் கரைசல், சற்றுக் கூடுதலான சர்வீஸ் செலவு ஆகியவற்றுக்கு 3,000 ரூபாயைக் கழித்தால் 19,000. முன்னால் கொடுத்த 1,81,000 ரூபாய் கைக்குத் திரும்ப ஒன்பதரை ஆண்டு ஆகும். வங்கிக் கடனில் வாங்கினால் அந்தக் கூடுதல் தொகைக்கும் வட்டி ஓடும். பின்னால் விற்கும்போது டீசல் வண்டிக்குச் சற்று நல்ல விலை கிடைக்கலாம். வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால்.

இதே கணக்கை வள்ளியூர் அண்ணனுக்குப் போட்டுப் பார்த்தேன். ஆண்டுக்கு 35,000 கிலோமீட்டர், அனைத்தும் சூடேறிய எஞ்சினில். எரிபொருளில் மட்டும் 47,000 ரூபாய் மிச்சம்; நான்கு ஆண்டில் போட்டது திரும்பிவிடும், வடிகட்டியும் அடைபடாது. அவருக்கு டீசல்தான் சரி. அவர் முதல் டீசல் வண்டியை வாங்கிய 2012 வாக்கில் இரு எரிபொருளுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் விலை வித்தியாசம் இருந்தது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபின் அந்த இடைவெளி சுருங்கி 2024-ல் ஒன்பது ரூபாயில் நின்றது. நம் பக்கத்தில் "டீசல் என்றால் லாபம்" என்ற பேச்சு அந்தப் பழைய இடைவெளியில் பிறந்தது. இடைவெளி போய்விட்டது, பேச்சு போகவில்லை.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனாலின் எரிசக்தி லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. கலப்பு 10 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயரும்போது மைலேஜில் மூன்று, மூன்றரை சதவீதம் குறைவதை எதிர்பார்க்கலாம். இந்தக் குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் அளவில்தான் வரும், முடிவை மாற்றாது.

இழுவை

டீச்சருக்கு இருந்த ஒரே தயக்கம் இது. இந்தப் பெட்ரோல் எஞ்சினும் டீசல் எஞ்சினும் குதிரைத்திறனில் ஏறக்குறையச் சமம், 115-ம் 116-ம். ஆனால் இழுவையைத் தரும் திருகுவிசையில் (டார்க்) பெட்ரோல் 144 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500 சுழற்சியில். டீசல் 250, அதுவும் 1,500 சுழற்சியிலிருந்தே. ஏற்றத்தில் கியரைக் குறைக்காமல் ஏறும் சுகம் இந்த வித்தியாசத்தில் இருந்து வருகிறது. இதைக் காகிதத்தில் விளக்குவதை விட உட்காரவைத்துக் காட்டுவது நல்லது என்று, ஆச்சி உட்பட ஐந்து பேரும் ஏறி, ஏசியைப் போட்டுக்கொண்டு, இரண்டு வண்டிகளையும் ஒரே வழியில் ஓட்டிப் பார்க்கச் செய்தோம். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் நின்று மறுபடி கிளப்பியபோது டீசல் தானாக நகர்ந்தது போல எழுந்தது. பெட்ரோலில் கிளட்ச்சை நிதானமாக விட்டு, ஆக்ஸிலேட்டரைச் சற்று அதிகம் கொடுக்க வேண்டியிருந்தது. வித்தியாசம் உண்மையானது. ஆனால் எங்கே தேவைப்படும்? திருநெல்வேலிச் சமவெளி பெரும்பாலும் தட்டையானது. பாபநாசத்துக்கு மேலே காரையார் ஏற்றமும், செங்கோட்டை தாண்டி ஆரியங்காவுக் கணவாயும் ஆண்டுக்கு மூன்று நான்கு தடவை.

காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ பெட்ரோல் எஞ்சினையும் பார்த்தோம். இழுவை டீசலுக்கு ஈடாக இருந்தது. விலையும் அப்படியே, ஊருக்குள் மைலேஜ் இன்னும் குறைவு. சிஎன்ஜி இந்த வண்டியில் இல்லை. பெட்ரோலோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் பட்ஜெட்டைத் தாண்டியது.

2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் ஆதலால், "டீசல் வண்டி தண்ணியில ஓடுமாமே?" என்று ஆச்சி கேட்டார். அந்த வெள்ளத்துக்குப் பின் என் ஒர்க்‌ஷாப்பில் வரிசையாக நின்ற வண்டிகளில் இரண்டு வகையும் இருந்தன. காற்று இழுக்கும் குழாய் வழியே சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்தால், தண்ணீர் அமுங்காது என்பதால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடுதான் வளையும்; அழுத்தம் கூடிய டீசல் எஞ்சின் அதிலிருந்து தப்புவதில்லை. தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் இருந்தால் எந்த வண்டியையும் இறக்க வேண்டாம் என்று சொன்னேன்.

முடிவும் அதன்பின் நடந்ததும்

மே மாதம் பெட்ரோல் வண்டியை எடுத்தார்கள். மிச்சமான தொகையில் ஒரு பகுதியைக் கடனைக் குறைக்கப் பயன்படுத்தினார்கள்.

பையன் நோட்டை நிறுத்தவில்லை. 2025 ஜூலை வரை பதினான்கு மாதத்தில் 13,420 கிலோமீட்டர், 1,031 லிட்டர் பெட்ரோல்; சராசரி 13. நான் கணித்தது பதிமூன்றரை. பள்ளி வாசலில் ஏசியோடு நிற்கும் நிமிடங்களை நான் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். ஆனி மாதம் நாகர்கோவில் போனபோது ஆரல்வாய்மொழிக் கணவாயில் எதிர்க்காற்றில் போகும்போது 14.5, அதே வழியில் திரும்பும்போது 18 என்று எழுதியிருக்கிறான். காற்றாலைகள் நிற்கும் இடத்தில் காற்றுக்கு என்ன பலம் என்பதை இதைவிட நேராக யாரும் காட்ட முடியாது. காரையார் ஏற்றத்தில் ஐந்து பேரோடு இரண்டாவது கியரிலேயே ஏற வேண்டியிருந்தது என்றும், ஒரு வளைவில் ஏசியை அணைத்ததாகவும் கணவர் குறைப்பட்டுக்கொண்டார். அது நியாயமான குறை. எஞ்சினில் இதுவரை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியதைத் தவிர வேறு வேலை வரவில்லை.

2025 ஜூன் மாதத்தில் ஒரு திருப்பம். டீச்சருக்கு நாங்குநேரிப் பக்கம் இடமாறுதல் வந்துவிட்டது. போகவர அறுபது கிலோமீட்டர். "அப்ப டீசலே எடுத்திருக்கலாமோ அண்ணாச்சி?" என்று கேட்டார். அவர் தினமும் தனியாக இந்த வண்டியிலேயே போவதாக இருந்தால், ஆண்டு ஓட்டம் 24,000 கிலோமீட்டரைத் தாண்டும், டீசலின் மிச்சம் 40,000 ரூபாயைத் தொடும், தினசரி நெடுஞ்சாலை ஓட்டத்தில் வடிகட்டியும் தானே சுத்தமாகும். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால் நானே டீசலைச் சொல்லியிருப்பேன் என்று ஒளிக்காமல் சொன்னேன். வாங்குவதற்கு முன் மாறுதல் வர வாய்ப்பு உண்டா என்று நான் கேட்டிருக்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியரிடம் அது முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும். இப்போது என் ஒர்க்‌ஷாப்பில் கொடுக்கும் நோட்டின் முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியைச் சேர்த்துவிட்டேன்.

பதினான்கு மாத வண்டியை விற்று மாற்றினால் இழப்பு அந்த மிச்சத்தைப் போல் பல மடங்கு. அவர்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். அதே திசையில் போகும் நான்கு ஆசிரியைகள் வாரத்துக்கு ஒருவர் வண்டி என்று முறை வைத்துக்கொண்டார்கள். இந்த வண்டிக்கு ஆண்டுக்குக் கூடுவது 3,300 கிலோமீட்டர்தான். மற்ற மூன்று வாரமும் அது பழையபடி காலையில் பள்ளி வாசலுக்கு நான்கு கிலோமீட்டர் ஓடி, ஒன்பது நிமிடம் நின்று, திரும்பி வருகிறது.